ஆடித் தேங்காயும் அடுக்குப் பிரவுனியும்

"சம் மோர்" என்று ஒரு பட்சணம் உண்டு, சகோதரிகளே! பெயரைக் கேட்டவுடன் சாதத்தைக் குழித்துக்கொண்டு கையை நீட்டி விடாதீர்கள். நம் வீட்டு மோருக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. "இன்னும் கொஞ்சம்" என்று ஆங்கிலத்தில் கேட்பதுதான் அந்தப் பெயர். ஒன்று தின்ற குழந்தை மறுபடியும் கையை நீட்டுமாம். அதையே பெயராக்கி விட்டார்கள். நம் பக்கத்தில் இப்படிப் பெயர் வைக்க ஆரம்பித்தால் முக்கால்வாசிப் பட்சணங்களுக்கு ஒரே பெயர்தான் மிஞ்சும்.

அமெரிக்காவில் சாரணச் சிறுமிகள் காட்டு முகாமுக்குப் போவார்கள். இரவில் நடுவே தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். அந்தத் தீயில் சுட்டுத் தின்பது இது. 1927-ல் வெளியான அவர்களுடைய கையேடு ஒன்றில் எட்டுப் பேருக்கு அளவு கொடுத்திருக்கிறது: 8 குச்சி, 16 பிஸ்கட், 8 சாக்லேட், 16 மார்ஷ்மெல்லோ. குச்சியைக்கூடச் சாமான்களோடு சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்! மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சு மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, வெள்ளையாய், மெத்தென்று இருக்கும். அதைக் குச்சியில் குத்தித் தீயில் காட்டினால் மேலே பழுப்பேறி, உள்ளே இளகும். அந்தச் சூட்டோடு சாக்லேட்டின்மேல் வைத்து, இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே அமுக்கித் தின்பார்கள்.

அந்தப் பிஸ்கட்டுக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. சில்வெஸ்டர் கிரகாம் என்று ஒரு பாதிரியார், 1851-ல் காலமானவர். தவிடு நீக்காத கோதுமை மாவைத்தான் சாப்பிட வேண்டும், காரம், மசாலா எல்லாம் மனத்தைக் கெடுக்கும் என்று ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்தவர். அவர் பெயரைத் தாங்கிய பிஸ்கட்தான் கடைசியில் சாக்லேட்டுக்கும் மிட்டாய்க்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டது! தவிடு நீக்காத கோதுமை மாவு என்றால் நாம் தினம் சப்பாத்திக்குப் பிசைகிற மாவுதானே? இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் உதவும்.

காட்டில் தின்றதை வீட்டிலும் தின்ன வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான் அடுக்குப் பிரவுனி. அடியில் பிஸ்கட், நடுவில் சாக்லேட் கேக், மேலே மார்ஷ்மெல்லோ. மூன்றையும் ஒரே தட்டில் வேகவைத்துத் துண்டு போடுகிறார்கள். பட்டணத்து பேக்கரிகளில் இப்போது இதற்கு நல்ல கிராக்கி. விலையைக் கேட்டால்தான் தீயில் கை வைத்த மாதிரி இருக்கிறது.

எங்கள் வேப்பூரை உங்களில் பலர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சேலம் பக்கம் போகும் சாலையும் கூடும் இடம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். பிரவுனிக்குப் பேர்போன ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வருகிற குழந்தைகள் ஊரைப் பார்த்தா ஆசைப்படுகிறார்கள்? எங்கள் எதிர்வீட்டுக்குப் போன கோடையில் வந்த பேத்தி அப்படித்தான். பள்ளிக்கூடத்துச் சாரணியர் முகாமில் இந்தச் சம் மோரைத் தின்று ருசி கண்டவள். பையிலேயே ஒரு பொட்டலம் மார்ஷ்மெல்லோ கொண்டுவந்திருந்தாள். "அத்தை, நீங்க கேக் செய்வீங்களாமே! மூணு அடுக்குப் பிரவுனி செஞ்சு கொடுங்க" என்று வந்து நின்றாள்.

அவளுடைய பாட்டி சேலத்துப் பக்கத்து மனுஷி. பேத்தி அவரை அம்மாயி என்று கூப்பிடுவாள். பல வருஷங்களாகச் சுத்த சைவம். பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "இந்தப் பஞ்சு எதுல செய்யறதுங்க?" என்று என்னைக் கேட்டார்.

சொல்லத்தானே வேண்டும்? மார்ஷ்மெல்லோவை மெத்தென்று நிற்க வைப்பது ஜெலட்டின். மாடு, பன்றி முதலிய பிராணிகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. பொட்டலத்தின் மூலையில் பச்சைப் புள்ளி இருந்தால்தான் சைவம். இந்தப் பொட்டலத்தில் அது இல்லை. இனிப்புத்தானே என்று நினைத்து எத்தனையோ வீடுகளில் பெரியவர்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். தெரிந்து சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். தெரியாமல் ஒருவர் விரதத்தைக் கெடுப்பது என்ன நியாயம்? புள்ளியைப் பார்த்து வாங்குங்கள்.

குழந்தையின் முகம் சுண்டிப் போய்விட்டது. "அம்மாயி சாப்பிடாட்டி எனக்கும் வேண்டாம்" என்றாள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மாயியோ, "நீ தின்னு கண்ணு, நாங்க சின்ன வயசுல குச்சியில குத்திச் சுட்டுத் தின்னாததா?" என்றார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, முகாமிலிருந்து வந்த பெண் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி முதல் தேதி தேங்காய் சுடும் பண்டிகை. முற்றின தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து, அந்த வழியாகவே வெல்லம், பொட்டுக்கடலை, எள், அவல், பாசிப்பருப்பு எல்லாவற்றையும் திணிப்பார்கள். சில வீடுகளில் வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுவதும் உண்டு. பிறகு அழிஞ்சில் மரத்துக் குச்சியைச் சீவிக் கூராக்கி, மஞ்சள் தடவி, அந்தக் கண்ணிலேயே செருகித் தெருவில் மூட்டிய தீயில் சுடுவார்கள். ஓடு கருகி வெடிக்கும்போது பார்க்க வேண்டும் குழந்தைகளின் ஆரவாரத்தை! பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், உள்ளே வெல்லம் உருகிப் பருப்போடு சேர்ந்து பூரணமாகியிருக்கும். பாரத யுத்தம் ஆடி முதல் தேதி ஆரம்பித்துப் பதினெட்டில் முடிந்தது, அந்த நினைவுக்காகத்தான் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குச்சி இருக்கிறது. தீ இருக்கிறது. சுற்றி உட்கார்ந்த கூட்டம் இருக்கிறது. வெளியே கருகி, உள்ளே இளகிய இனிப்பும் இருக்கிறது. அவர்களுடையதற்கும் நம்முடையதற்கும் என்ன பேதம்? நம்முடையதைப் பிள்ளையாருக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். அப்படியிருக்க, மேல் அடுக்குக்கு மார்ஷ்மெல்லோ எதற்கு? சுட்ட தேங்காய்ப் பூரணத்தையே போட்டால் என்ன?

"சைவ மார்ஷ்மெல்லோ கிடைக்கிறதே?" என்று சிலர் கேட்பீர்கள். கிடைக்கிறது, கடல்பாசியில் செய்கிற தினுசுகள் உண்டு. அந்தப் பாசியை நம் இராமநாதபுரத்துக் கரைப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கித்தான் எடுக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமைதான். ஆனால் ஜெலட்டின் வாய்ச்சூட்டிலேயே இளகும். கடல்பாசியோ ஏறக்குறைய 85 டிகிரி வரை இறுகியே நிற்கும். ஆகையால் அந்த மார்ஷ்மெல்லோ தீயில் சுருங்குமே தவிர, அசல் மாதிரி இழையாய் வழியாது. ஒன்றைப்போல இன்னொன்றைச் செய்யப் பார்த்தால் ஏமாற்றம்தான். தேங்காய் அப்படி யாரைப்போலவும் வேஷம் போடவில்லை.

பிரவுனியில் வெல்லமா என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். 1896-ல் பேன்னி பார்மர் என்ற அமெரிக்க அம்மாள் எழுதிய சமையல் புத்தகத்தில் பிரவுனி என்ற பெயரில் இருப்பதில் சாக்லேட்டே கிடையாது, கரும்புப் பாகுதான். சாக்லேட் சேர்ந்தது 1906-ல் வந்த பதிப்பில். ஆக, வெல்லம்தான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள்.

இனிக் காரியத்துக்கு வருவோம். எட்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு அளவு சொல்கிறேன். பதினாறு துண்டு வரும்.

அடி அடுக்குக்குக் கோதுமை மாவு 150 கிராம், வெண்ணெய் 90 கிராம், நாட்டுச் சர்க்கரை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயைக் குளிர்ந்தபடியே மாவில் போட்டு விரல் நுனியால் உதிர்த்துப் பிசறுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் வறட்டியாகிவிடும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அதுதான் பதம். வெண்ணெய்க் காகிதம் விரித்த தட்டில் பரப்பி, டம்ளர் அடியால் அமுக்கி, முள்கரண்டியால் அங்கங்கே குத்தி, 180 டிகிரியில் 15 நிமிஷம் வேகவிடுங்கள். ஓரம் சிவக்க வேண்டும்.

இந்த அடுக்கைத் தனியாக ஒரு தரம் வேகவிட்டே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாய் ஊற்றி ஒரே வேலையாக முடிக்கலாமே என்று தோன்றும். செய்தால் மேலே இருக்கிற ஈர மாவு இறங்கி, அடி களியாகிவிடும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மைகளையும் அகல் விளக்குகளையும் இரண்டு தரம் சுடுவது வழக்கம். பச்சை மண்ணை முதலில் ஒரு சூளை சுட்டுக் கெட்டியாக்கி, பிறகு பளபளப்புக் குழம்பில் முக்கி மறுபடி சுடுவார்கள். முதல் சூட்டில் வெளிவரும் மங்கலான உருப்படிக்கு அந்தத் தொழிலில் என்ன பெயர் தெரியுமா? பிஸ்கட்! இரண்டு முறை வெந்தது என்றுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம்.

நடு அடுக்குக்கு இனிப்புக் குறைந்த கறுப்புச் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், மைதா 75 கிராம், கோகோ 20 கிராம், அரை டீஸ்பூன் உப்பு. முட்டை சேர்ப்பவர்கள் இரண்டு முட்டை. சேர்க்காதவர்கள் அரைக் கப் கெட்டித் தயிரும் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும். நாங்கள் செய்தது தயிர்தான். கடைசியில் மோர் இனம் ஒன்று உள்ளே வந்துவிட்டது பார்த்தீர்களா?

சாக்லேட்டையும் வெண்ணெயையும் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்குங்கள். நேராக அடுப்பில் வைத்தால் சாக்லேட் திரிந்துபோகும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் கட்டிபடும். உருகினதில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு தயிரையோ முட்டையையோ சேர்த்து அடியுங்கள். மாவையும் கோகோவையும் சலித்துப் போட்டு, வெள்ளை மறைகிற வரையில் மட்டும் கிளறுங்கள். வெந்த பிஸ்கட்டின்மேல் ஊற்றி மறுபடி 170 டிகிரியில் வையுங்கள்.

இது வேகிற நேரத்தில் பூரணத்தை முடித்துவிடலாம். இங்கேதான் கவனம் வேண்டும், சகோதரிகளே. தீயில் சுட்ட வாசனை வராவிட்டால் அது வெறும் தேங்காய்க் கேக்தான். வெறுமனே துருவி வெல்லப் பாகில் போட்டுப் பார்த்தோம். அம்மாயி ஒரு விள்ளல் தின்றுவிட்டு, "கொழுக்கட்டை ருசியா இருக்குதுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு தீர்ப்பு வேண்டுமா?

முழுத் தேங்காயைக் காஸ் அடுப்பில் சுடவே சுடாதீர்கள். உள்ளே ஆவி அடைபட்டு வெடித்தால் தெருவில் வேடிக்கை, சமையலறையில் விபத்து. தேங்காயை உடைத்துப் பருப்பைப் பத்தையாகக் கீறி எடுங்கள். சுக்கா ரொட்டி வாட்டுகிற கம்பி வலையை அடுப்பின்மேல் வைத்து, பத்தைகளை அதன்மேல் பரப்பித் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். ஓரங்கள் கறுத்து, அங்கங்கே புள்ளி விழுந்து, எண்ணெய் மினுமினுக்கும்போது எடுத்துவிடுங்கள். வீடு முழுவதும் ஆடி முதல் தேதியாகிவிடும்! ஆறியதும் மிக்ஸியில் ஒன்றிரண்டாகச் சுற்றுங்கள். ஒன்றரைக் கப் வேண்டும்.

வெல்லம் 125 கிராமைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, விரலில் தொட்டால் ஒட்டுகிற பதத்தில் தேங்காயைப் போடுங்கள். முன்னாலேயே அரை மணி ஊறவைத்து வடித்த பாசிப்பருப்பு இரண்டு மேஜைக் கரண்டியையும் இப்போதே சேர்த்து, மெத்தென்று ஆகும்வரை மெல்லிய தீயில் கிளறுங்கள். பாகு சுண்டினால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். பிறகு பொடித்த பொட்டுக்கடலை இரண்டு கரண்டி, வறுத்த அவல் இரண்டு கரண்டி, வறுத்த எள் ஒரு கரண்டி, ஏலக்காய். பூரணம் தளர இருக்கும்போதே இறக்குங்கள். உருண்டை பிடிக்கிற அளவுக்கு இறுகினால் ஓவனில் கல்லாகும்.

பிரவுனி 15 நிமிஷம் வெந்து மேல் ஏடு பிடித்ததும் தட்டை வெளியே இழுத்துப் பூரணத்தைப் பரப்புங்கள். அதற்கு முன் போட்டால் மாவுக்குள் மூழ்கிவிடும். இன்னும் 10 நிமிஷம் வேகவிட்டு, ஒரு குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஈரப் பிசிறு ஒட்டினால் சரி. மாவாக வழிந்தால் இன்னும் ஐந்து நிமிஷம். சுத்தமாக வந்தால் வெந்தது போதாதென்று இல்லை, வெந்தது அதிகம்! கடைசியாக மேல் கம்பியை மட்டும் போட்டு மூன்று நான்கு நிமிஷம் காட்டுங்கள். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள். வெல்லம் சீனியைவிடச் சீக்கிரம் கருகும். பழுப்புக்கும் கரிக்கும் நடுவே அரை நிமிஷம்தான் இருக்கிறது.

மார்ஷ்மெல்லோ சாப்பிடும் வீடுகளில் தட்டின் ஒரு பாதிக்கு அதையே வைக்கலாம். கடைசி நாலைந்து நிமிஷம் போதும். ஆனால் பெரியவர்களுக்கென்று செய்யும்போது ஒரே தட்டில் இரண்டையும் கலக்காதீர்கள். இளகி அந்தப் பக்கம் ஓடிவிடும்.

தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தகரம், அலுமினியத் தட்டுக்குத்தான் மேலே சொன்ன நேரம். பீங்கான் தட்டு மெதுவாகச் சூடேறும். பத்து நிமிஷம் கூட ஆகும். வெளியே எடுத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த பீங்கானைச் சுடச்சுட இருக்கிற ஓவனில் வைத்தால் விரிசல் விடும். அழகாய் இருக்கிறதென்று அலங்காரத் தட்டை எடுத்து வேகவைக்காதீர்கள். பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். பீங்கான் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறவள் சொல்கிறேன்: உணவுக்கென்று, ஓவனுக்கென்று செய்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கனமான பழைய சட்டியில் ஓர் அங்குலம் உப்பைப் பரப்பி, நடுவே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் காயவிட்டுத் தட்டை உள்ளே இறக்குங்கள். சட்டிக்குள் போகிற வட்டத் தட்டாக இருக்கட்டும். அடி அடுக்குக்கு 20 நிமிஷம், நடு அடுக்குக்கு 40 நிமிஷம், சின்னத் தீயில். இதில் மேல்பக்கம் சிவக்காது. அந்தக் காலத்தில் மூடியின்மேல் தணலைக் கொட்டிச் சிவக்கவைத்தார்கள். தணலுக்கு இப்போது எங்கே போவது? பூரணத்தை வாணலியிலேயே ஓரம் முறுகும்வரை பிரட்டி, பிரவுனி வெந்து இறங்கிய பிறகு மேலே பரப்பி அமுக்கிவிடுங்கள்.

சூட்டோடு வெட்டாதீர்கள். முழுக்க ஆறி, இரண்டு மணி நேரம் போன பிறகு, வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் ஒவ்வொரு தரமும் துடைத்துத் துடைத்து வெட்டினால் மூன்று அடுக்கும் கோடு போட்டதுபோலத் தெரியும். எங்கள் தெருவில் அந்த இரண்டு மணி நேரம் யாரும் காத்திருக்கவில்லை. அம்மாயி உதிர்ந்த துண்டுகளையே தட்டில் வாரிப் பிள்ளையார் படத்துக்கு முன் வைத்து எடுத்தார். பேத்தி, "குச்சி இல்லையே அம்மாயி!" என்றாள். "தீயும்தான் இல்லை. ஆடி ஒண்ணுக்கு வா, தெருவுல மூட்டித் தரேன்" என்றார் அவர். பள்ளிக்கூடம் திறந்துவிடுமே என்று குழந்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேலே இருப்பது தேங்காய். ஆகையால் வெளியே ஒரு நாளுக்கு மேல் தாங்காது. குளிர்ப் பெட்டியில் மூடி வைத்தால் மூன்று நாள் வரும். பரிமாறும் முன் அரை மணி வெளியில் எடுத்து வையுங்கள், சாக்லேட் இளகிக் கொடுக்கும். சித்திரை வெயிலில் அதற்குக் கால் மணியே போதும்.